அங்கன்வாடி டீச்சர் என்ன வேலை பார்க்கிறார்?



காலை ஒன்பது மணிக்கு சுசீந்திரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். அப்பா வேலைக்குக் கிளம்பியாயிற்று. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போயாயிற்று. அம்மா அடுப்படியிலோ, துணி துவைக்கிற இடத்திலோ இருப்பாள். வீட்டில் மீதி இருப்பது யார்? நடக்கத் தெரிந்த, ஆனால் ஆபத்து தெரியாத ஒரு வாண்டு. "ஆச்சி பாத்துக்கிடுவா" என்கிறோம். ஆச்சிக்கோ முழங்கால் வலி. வாண்டுவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

நம் ஊருக்கு அழகே தண்ணீர்தான். தெப்பக்குளம், பழையாறு, வயலுக்குப் போகிற சானல், தேரூர்ப் பக்கம் தாமரையும் பறவையுமாய்க் கிடக்கிற குளம். இதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ஆனால் ஒன்று முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கு அந்தத் தண்ணீரே எமன். குளம் வரைக்கும் போக வேண்டியதில்லை. கொல்லையில் நிறைத்து வைத்த அண்டா போதும். விழுந்த குழந்தை கத்தாது, சத்தமே வராது.

நம்மைப் போலவே குளமும் வாய்க்காலும் நிறைந்த நாடு வங்கதேசம். சின்னஞ்சிறு குழந்தைகள் அங்கே அதிகமாக மூழ்கிப்போன நேரம் காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை என்று கண்டார்கள். அம்மாவுக்கு வீட்டு வேலை மும்முரமான நேரம் அது. ஆகவே அந்த நேரத்துக்கு மட்டும், ஊர்ப் பெண் ஒருத்திக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் குழந்தைகளைச் சேர்த்து வைத்தார்கள். சாவு பெருமளவு குறைந்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே இந்த வழியைச் சிபாரிசு செய்கிறது.

அந்த ஏற்பாட்டை ஒத்த ஒன்று நம்மிடம் முன்பே இருக்கிறது. அதுதான் அங்கன்வாடி. 'ஆங்கன்' என்றால் வடக்கே முற்றம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, நாட்டில் 33 இடங்களில் மட்டும் தொடங்கிய திட்டம் இன்று ஊருக்கு ஊர் வந்துவிட்டது. நம் ஜனங்களிடம் கேட்டால், "அங்க என்ன, சோறு போடுவாங்க, முட்டை குடுப்பாங்க" என்பார்கள். சோறும் முட்டையும் உண்மைதான். அது வேலையில் பாதிகூட இல்லை.

இரண்டு வயதுக் குழந்தையை ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியும்? உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சில நிமிஷம்தான். அதற்குள் டீச்சர் அடுத்த விளையாட்டுக்கு மாற்றியாக வேண்டும். கையைத் தட்டி ஒரு பாட்டு, பிறகு புளியங்கொட்டையும் மஞ்சாடியும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்வது, பிறகு மண்ணில் கை அளைவது, பிறகு கதை. நடுவில் ஒருத்தன் நிக்கரை நனைப்பான், ஒருத்தி அம்மாவைக் கேட்டு அழுவாள். இருபது பிள்ளைகளை இப்படிக் கட்டி மேய்க்கிற வேலையைக் கல்லூரிப் பேராசிரியரிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கலாம்!

இந்த விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கொட்டையைப் பொறுக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழகுகின்றன. பின்னால் பென்சில் பிடிக்கப் போவதும் அந்த விரல்கள்தான். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம் என்று பிரிப்பது கணக்கின் முதல் படி. பாட்டில் வார்த்தை சேருகிறது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பசுவையும் கன்றையும் வைத்துக் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினாரே, ஏன்? குழந்தை தினம் பார்க்கிற பொருளின் பேரில்தான் மொழி ஒட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இதற்கென்றே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தலைப்பு எடுத்து நடத்துகிறார்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குழந்தைக்கு மூன்று வயது முடிந்ததும், "இன்னும் அ, ஆ எழுதல்லியே" என்று இங்கிருந்து நிறுத்திவிட்டு, கடன் வாங்கியாவது எல்.கே.ஜி.யில் போடுகிறோம். எல்லா எல்.கே.ஜி.யும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டுப்பாடம் கொடுத்து எழுத வைக்கிற இடம் எதுவாயிருந்தாலும், அங்கே பணத்தையும் கொடுத்துக் குழந்தையையும் வாட்டுகிறோம். விரல் எலும்பும் தசையும் முற்றாத வயசு அது. 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட பாடத்திட்ட வரைவும், விளையாட்டு வழியாகவே கற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. 1907-இல் ரோமாபுரியில், வேலைக்குப் போகும் ஏழைகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், தொழிலில் டாக்டர். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குழந்தையின் கைக்கு வேலை கொடுங்கள் என்பதுதான் அவருடைய முறையும்.

மகாராஷ்டிரத்து அனுதாய் வாக் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பதின்மூன்று வயதில் கல்யாணம். ஆறே மாதத்தில் விதவை. அந்தப் பெண் படித்து ஆசிரியையாகி, 1945-இல் தாராபாய் மோடக்குடன் சேர்ந்து போர்டி கிராமத்தில் பாலர் பள்ளி நடத்தினார். பிறகு கோஸ்பாடு மலைப்பகுதியில், பள்ளிக்கு வராத ஆதிவாசிக் குழந்தைகளைத் தேடி அவர்கள் குடியிருப்புக்கே போனார்கள். ஓலை, கல், விதைதான் பாடக் கருவிகள். அனுதாய்க்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் ஊர்ப் பெண்களும் இந்த வேலைக்கு வரலாம். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். பணியாளர் பதவிக்கு பிளஸ் டூ தேர்ச்சி கேட்கிறார்கள். விதவைகளுக்கு வயதில் சலுகை உண்டு. கணவன்மார்களே, "ஆயா வேலைக்கா போற?" என்று கேட்டு மனைவியின் ஆசையைக் கெடுக்காதீர்கள். 2022-இல் உச்ச நீதிமன்றமே அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

டீச்சர் கண்ணில் முதலில் படுவது வேறொன்றும் உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மூலையில் உட்காரும். எடை ஏறாமல் நிற்கும். விசாரித்தால், வீட்டில் அடுத்த பிள்ளை வந்திருக்கும், அல்லது வரப்போகும். தாய்ப்பாலும் மடியும் ஒரே நாளில் போய்விட்டன. இது போதாதென்று, "ஒன்னத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று கேலி வேறு. பெரியவர்களுக்குச் சிரிப்பு, அந்தக் குழந்தைக்கு அது நிஜம். தயவுசெய்து இந்தக் கேலியை விடுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே இரண்டு வருஷமாவது இருந்தால்தான், தாயின் உடம்பு தேறும். மூத்ததும் நடந்து, பேசி, தானே உண்ணப் பழகியிருக்கும். காப்பர்-டி, 'அந்தரா' ஊசி, 'சாயா' மாத்திரை, எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கு, ஆண்களுக்கான தழும்பில்லாத சிகிச்சையும் இருக்கிறது. சிறிய வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

இன்னொன்று. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிற வழக்கம் எங்கேயாவது மிச்சம் இருந்தால், அதற்கும் மருந்து அங்கன்வாடிதான். சின்னதைக் கொண்டு விட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போகட்டும்.

கைக்குழந்தையை அங்கே விட முடியாது. ஆனால் டீச்சர் உங்களைத் தேடி வருவார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், சேனைத் தண்ணி வேண்டாம் என்பார். குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் குழந்தையோடு பேசச் சொல்வார். "அதுக்கு என்ன புரியும்?" என்று சிரிக்காதீர்கள். கேட்ட சத்தம்தான் பின்னால் பேச்சாகிறது.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்ததும், தடுப்பூசி அட்டையும் பிறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி அங்கன்வாடிக்குப் போங்கள். முதல் ஒரு வாரம் அழும். நின்று சமாதானப்படுத்துங்கள், திருட்டுத்தனமாக ஓடி வராதீர்கள். எடை போடுகிற நாளில் அட்டையில் கோடு மேலே போகிறதா என்று டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அப்பாவே தூக்கிக்கொண்டு போனால் ரொம்ப நல்லது.