ஊசி குத்திய பாவை
(ஒரு நாடகப் பாடம்)

ஆங்கில இலக்கிய வகுப்பில் ஆதர் மில்லரின் ‘குருசிபிள்’ நாடகத்தை எடுத்தபோது, “புரட்டஸ்தாந்துக்காரரின் பழங்கதை எங்களுக்கு எதற்கு, சேர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். 1953இல் மேடையேறிய இந்நாடகம், அமெரிக்காவின் சேலத்தில் (தமிழ்நாட்டுச் சேலமல்ல) 1692இல் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றியது. தலைப்பின் பொருள் பத்தர் பொன்னை உருக்கும் மூசை. இரண்டாம் அங்கத்தில் பாவை வந்ததும் அந்த மாணவனின் கேள்வி அடங்கிவிட்டது.

வேலைக்காரப் பெண் மேரி வாரன் நீதிமன்றத்தில் சும்மா இருந்த நேரத்தில் துணிப்பாவை ஒன்று தைக்கிறாள். ஊசியை அதிலேயே குத்திவைத்து, எசமானி எலிசபெத்திடம் கொடுக்கிறாள். அருகிலிருந்து பார்த்தவள் அபிகெயில். அன்றிரவு அபிகெயிலின் வயிற்றில் ஊசி. எலிசபெத் வீட்டில் பாவையும் ஊசியும் அகப்படுகின்றன. வேறு சாட்சி எதற்கு? விலங்கு பூட்டுகிறார்கள்.

நிலாவெளி முதல் மூதூர் வரை கரையோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. மீன்பாடு குறைந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் விடாவிட்டால், “ஆரோ செய்துபோட்டினம்” என்ற பேச்சு எழும். வாசலில் ஊசி குத்திய தேசிக்காய் கிடந்தால் போதும். அடுத்து ஒரு பெயர் தேவைப்படும். தனித்திருக்கும் கிழவியின் பெயர், அல்லது வேலித் தகராறுள்ள அயலவரின் பெயர் வாயில் வந்துவிடும். நாடகத்திலும் புட்னம் என்பவர் அயலவர் காணியில் கண் வைத்திருக்கிறார்.

குறி கேட்கப் போவது முதலாம் கட்டளைக்கு விரோதம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அங்கிருந்து ஒரு பெயரோடு திரும்பி வருபவர் எட்டாம் கட்டளையையும் மீறிவிடுகிறார். இதை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வதுண்டா?

சேலத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள், மறுத்தவர்கள் மாண்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வாய் திறக்க மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி கற்களின் கீழ் நசுக்கப்பட்டார். 71 வயதான றெபேக்கா நேர்ஸ் குற்றவாளியல்ல என்றே யூரிமார் முதலில் தீர்ப்பளித்தார்கள். மீண்டும் யோசிக்கச் சொல்லி அத்தீர்ப்பை மாற்றவைத்தது நீதிமன்றம். நாடகத்தில் ஜோன் புறொக்ரர் உயிருக்காகப் பொய் சொல்லிக் கையொப்பமும் இடுகிறார். ஆனால் பிறர் பெயரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். தன் பெயரிட்ட அந்தத் தாளையும் கிழித்தெறிந்துவிட்டுத் தூக்குமரத்துக்குப் போகிறார். வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டிய காட்சி இது.

புரட்டஸ்தாந்துக்காரரின் கதை என்று நாம் ஒதுங்கவும் இயலாது. ஜேர்மனியில் கத்தோலிக்க ஆட்சிப் பகுதிகளிலும் சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தார்கள். 1631இல் இயேசு சபைக் குருவானவர் பிரீட்றிக் ஸ்பே இதைக் கண்டித்து, பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். சித்திரவதை செய்தால் எவரும் எதையும் ஒப்புக்கொள்வர் என்பது அவர் வாதம். சபைக்குள்ளேயே அவருக்கு எதிர்ப்பு எழுந்தது.

ஆசிரியர்கள் ஒரு பயிற்சி கொடுக்கலாம். பாவை வந்த காட்சியில் கண்ணால் கண்டது எது, கேட்டுச் சொன்னது எது என்று மாணவர்கள் இரு நிரல்களில் எழுதட்டும். பிறகு தங்கள் ஊரில் கேட்ட ஒரு சூனியக் கதையையும், எவருடைய பெயரும் சொல்லாமல், அவ்வாறே பிரித்து எழுதட்டும். என் வகுப்பில் அந்த இரண்டாவது தாளில் முதல் நிரல் பலருக்கு வெறுமையாகவே இருந்தது.