இருபத்துமூன்று வயதில் தடுப்பூசியா?

(இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



மெஷின் நின்ற பிறகு கழற்றிப் பார்த்தால் பிரேக்டவுன் மெயின்டனன்ஸ். நிற்கும் முன்பே பார்த்தால் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று படித்திருக்கிறோம். என் பெரியம்மா விஷயத்தில் எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை. ரத்தப்போக்கை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

இந்நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் என்று கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. புனேயில் தயாராகும் செர்வாவேக் தடுப்பூசி 2022-ல் அனுமதி பெற்றது. 9 முதல் 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். 15 வயதுக்கு மேல் என்றால் மூன்று ஊசி. முதல் ஊசிக்குப் பிறகு 2-ம் மாதம், 6-ம் மாதம்.

என் அக்கா வேலை செய்யும் பனியன் கம்பெனியில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் யூனிஃபார்ம் போட்ட சிறுமி படம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது ஸ்கூல் புள்ளைங்களுக்குடா. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சு, இனிமே எதுக்கு?" என்றாள். அவளுக்கு வயது 23. அந்தப் படமே அவளை வெளியே அனுப்பிவிட்டது என்பது என் கருத்து.

சிறு வயதில் போடுவதுதான் சிறந்தது. வைரஸ் தொற்றும் முன்பே போட்டால் முழுப்பலன். ஆனால் இந்த வைரஸில் பல வகை உண்டு. ஒரு வகை ஏற்கெனவே வந்திருந்தாலும், ஊசி தடுக்கும் மற்ற வகைகளிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். பலன் குறையலாம், இல்லாமல் போகாது. வந்துவிட்ட தொற்றை ஊசி குணப்படுத்தாது என்பதையும் நோட்டீஸில் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று வெட்கம். இது உடலுறவினால் பரவுவது. (இதை எழுத நானே இரண்டு நாள் தயங்கினேன்.) பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, அநேகமாகத் தானே போய்விடும். போகாமல் தங்குவதுதான் ஆபத்து. ஆகவே இது யாருடைய நடத்தைக்கும் சர்டிபிகேட் இல்லை. ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் போன்றவை இதனால் வருகின்றன. 26 வயது வரை என்ற கணக்கில் நானும் இருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது!

அம்மாவுக்கு வயது 45. அவருக்குத் தேவை பரிசோதனை. லேபில் டை பெனிட்ரன்ட் டெஸ்ட் செய்தோமே, வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்பாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அதேதான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவினால் மாறுபட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். சில நிமிஷ வேலை. 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்கிறார்கள். ஊசி போட்டவர்களும் அந்த வயதில் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

பெரியம்மாவை நினைத்து அம்மா போன மாதம் போய் வந்துவிட்டார். ஊசியைத் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும் என்பதால் அக்கா மட்டும், "மாமாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.