காய்ச்சியும் சாகாதது

அன்புள்ள கண்மணிக்கு,

போன விடுமுறையில் திண்ணையில் சாக்கை விரித்து நான் உளுந்து விதை நேர்த்தி செய்ததை உட்கார்ந்து பார்த்தாய். ஆறிய கஞ்சியைத் தெளித்து, கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் வெள்ளைப் பொடியைத் தூவி, விதை முழுக்க மாவு பூசிக்கொள்ளும்வரை புரட்டினேன். "என்ன பொடி அத்தை?" என்றாய். "கிருமி" என்றேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாய். அன்றைக்கு மழை வந்துவிட்டது, பேச்சு பாதியில் நின்றது. மீதியை இதில் எழுதுகிறேன்.

பொட்டலத்தில் இருந்தது பேசில்லஸ் சப்டிலிஸ். எந்த ஊர் மண்ணை அள்ளினாலும் கிடைக்கும், வைக்கோலில் ஏராளமாக இருக்கும். பவுடர் டப்பாவில் இருக்கிற அதே டால்க்தான் அந்த வெள்ளைப் பொடி. பாக்டீரியா அதில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தூக்கத்தை நான் முதலில் தெரிந்துகொண்டது கல்லூரி ஆய்வகத்தில், ஒரு தப்பு செய்து. வைக்கோல் ஊறிய தண்ணீரைக் குடுவையில் அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் பஞ்சடைத்து வைத்தேன். எல்லாம் செத்திருக்கும் என்று நினைப்பு. மூன்றாம் நாள் பார்த்தால் பாலாடை மாதிரி சுருக்கம் விழுந்த ஏடு ஒன்று மேலே மிதக்கிறது! பஞ்சைச் சரியாக அடைக்கவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். பிறகுதான் தெரிந்தது, 19ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய விஞ்ஞானிகளையே குழப்பிய ஏடு அது. காய்ச்சிய நீரில் உயிர் தானாகவே தோன்றுகிறது என்று வாதாடியவர்களுக்கு அதுதான் சாட்சியாக இருந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் ஃபெர்டினாண்ட் கோன். ஏடு கட்டிய இந்தப் பாக்டீரியாவுக்கு 1872இல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்று பெயர் வைத்தவரும் அவரே. 1876இல், இன்றைக்குப் போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில், நுண்ணோக்கி வழியே பார்த்தபோது குச்சி போன்ற செல்களுக்குள் மணி மணியாக ஏதோ மினுங்கியது. கொதிநீரில் குச்சிகள் செத்தன, மணிகள் பிழைத்தன. அந்த மணிதான் வித்து. அதே ஆண்டில் ராபர்ட் காக் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகளை விவரித்து எழுதியதும் கோன் நடத்திய இதழில்தான் வந்தது. ஆந்த்ராக்ஸும் பேசில்லஸ்தான். ஒரே குடும்பத்தில் கொல்கிற அண்ணன், உழவுக்கு உதவுகிற தம்பி!

வித்து உருவாகும் விதத்தைக் கேள். சாப்பாடு தீர்ந்துபோனால் செல் நடுவில் பிரியாமல் ஒரு ஓரமாகச் சுவர் எழுப்பும். பெரிய பாதி சின்னப் பாதியை விழுங்கி, உறைமேல் உறையாகப் போர்த்தும். சின்னதின் உள்ளே நீர் வற்றி, கால்சியம் சேர்ந்து இறுகும். ஏழெட்டு மணி நேரத்தில் வேலை முடிந்ததும் தாய் உடைந்து செத்துப்போகும், வித்து வெளியே வரும். பிறகு வருடக்கணக்கில் கிடக்கும். அதைக் கொல்ல ஆய்வகத்தில் நாங்கள் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்போம். தாயின் தியாகம் என்று உருகிவிடாதே. வித்துவிடும் வேலையைத் தள்ளிப்போட, இந்தப் பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் உடன்பிறப்புகளைக் கொன்று தின்னும் என்று 2003இல் கண்டுபிடித்தார்கள்.

விவசாயிக்கு இதில் என்ன ஆதாயம் என்றால், பொட்டலம் கடையில் காத்திருக்கும். சூடோமோனாஸும் நல்ல பாக்டீரியாதான், ஆனால் அது வித்துவிடாது. வெயிலில் கிடந்தால் பொட்டலத்துக்குள்ளேயே செத்துவிடும்.

ஈர மண்ணில் விதை முளைத்ததும் வித்தும் விழிக்கிறது. வேர் கசியவிடும் மாலிக் அமிலத்தை மோப்பம் பிடித்து வந்து, வேரைச் சுற்றிக் கொழகொழவென்று படலம் கட்டுகிறது. அங்கிருந்தபடியே இட்டுரின், ஃபென்ஜிசின் என்ற பொருள்களைச் சுரக்கிறது. அவை வேரழுகல் பூஞ்சாணின் செல் சவ்வைப் பொத்தலாக்கும். 1968இல் ஜப்பானில் கண்டுபிடித்த சர்ஃபாக்டின் என்பதும் இதன் சரக்கே. அது சோப்பு மாதிரி வேலை செய்யும், துளியளவு போட்டாலே தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து 27ஆக இறங்கிவிடும்.

இப்படிச் செய்ததை வெளியே கொட்டிவிடும் குணத்துக்காகத்தான் ஆலைக்காரர்களுக்கு இதன்மேல் ஆசை. ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வு, இதற்கு ஒன்றுதான். நொதியைத் தயாரித்துத் தொட்டியிலேயே விட்டுவிடும், செல்லை உடைத்து எடுக்கிற பாடு இல்லை. தறியில் ஏற்றும்முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள் அல்லவா? நெய்த பிறகு அந்தக் கஞ்சி போனால்தான் துணியில் சாயம் பிடிக்கும். அதைக் கரைக்கும் அமைலேஸ் நொதியை இதுவும் இதன் நெருங்கிய சொந்தங்களும் தருகின்றன. துணி சோப்புத்தூளில் ரத்தக்கறையை வெட்டும் சப்டிலிசின், மாத்திரையில் சேரும் ரிபோஃபிளேவின் என்று பட்டியல் நீளும்.

எனக்குப் பிடித்தது ஜப்பான் பாட்டிகளின் வேலைதான். வெந்த சோயாவை வைக்கோலில் பொதிந்து நாட்டோ செய்தார்கள். வைக்கோலைக் கொதிநீரில் முக்கி எடுத்தால் மற்ற கிருமிகள் சாகும், இதன் வித்து மட்டும் மிஞ்சும். என்னைக் குழப்பிய அதே விஷயத்தை அவர்கள் சமையலாக்கிவிட்டார்கள்! மணிப்பூரின் ஹவாய்ஜார், சிக்கிமின் கினிமா இரண்டும் அதே வகை. நூல் நூலாக இழுபடும், வாசனைக்குப் பழக வேண்டும். இதே பாக்டீரியா ரொட்டிக்குள் புகுந்து நூல் விட்டால் ரொட்டி குப்பைக்குத்தான்.

பொட்டலம் மந்திரம் என்று நினைத்துக்கொள்ளாதே. வரப்புக்கு இந்தப் பக்கம் பலித்தது அந்தப் பக்கம் பலிக்காமல் போகும். ஈரமும் மக்கும் இல்லாத மண்ணில் இதனால் ஊன்ற முடியாது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளும் சும்மா விடாது. பெயரிலும் குழப்பம் உண்டு. சப்டிலிஸ் என்று விற்ற சில வகைகளை, மரபணுவைப் படித்த பிறகு வெலெசென்சிஸ் என்று மாற்றிவிட்டார்கள். தொழுவுரம் போடாமல் பொடியை மட்டும் நம்புகிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

நீயும் ஒரு பிடி வைக்கோலை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டி, பெரியவர்களை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காய்ச்சிப் பஞ்சடைத்து வை. இரண்டு மூன்று நாளில் ஏடு கட்டலாம். ஆனால் பஞ்சை எடுக்காதே, வெளியிலிருந்தே பார். உள்ளே வந்திருப்பது இதுவா, சோற்றைக் கெடுத்து வாந்தி வரவைக்கும் இதன் பங்காளியா என்று கண்ணால் சொல்ல முடியாது.

அன்புடன்,
அத்தை