செஞ்சிலுவைச் சங்கம் யாருடையது?

கேள்வி: எங்கள் கம்பெனி ரத்ததான முகாமை செஞ்சிலுவைச் சங்கம் நடத்தியது. அது அரசுத் துறையா, தனியாரா?
– ஒரகடம் வாசகர்

பதில்: இரண்டும் இல்லை. முதல் உலகப்போரின்போது இங்கே காயம்பட்ட வீரர்களைக் கவனித்தவை செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பிரிட்டிஷ் செஞ்சிலுவையின் கூட்டுக் குழுவும்தான். போர் முடிந்ததும், 1920 மார்ச்சில் தனிச் சட்டம் இயற்றி இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்குத் தலைவர் குடியரசுத் தலைவர். மாநிலக் கிளைக்கு ஆளுநர். உங்கள் காஞ்சிபுரம் மாவட்டக் கிளைக்கு ஆட்சியர். பதவிகள் பெரியவை என்றாலும், சங்கத்தைத் தாங்குபவர்கள் உறுப்பினர்களும் தொண்டர்களும் நன்கொடையாளர்களும்தான்.

ரத்தம் கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். சங்கம் முதலுதவிப் பயிற்சியும் தருகிறது. பிரஸ் மெஷினில் ஒருவர் கை சிக்கினால், ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தை அழுத்திப் பிடித்து ரத்தப்போக்கைத் தடுக்க பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஷிஃப்டுக்கு அந்தப் பயிற்சியை நிர்வாகத்திடம் கேளுங்கள்.