புயற்காலத்தில் தலைமைத் தாதியின் கடமை

உலகில் எத்தொழிலுக்கும் ஓய்வுநாள் உண்டு. நோய்க்கு மாத்திரம் ஓய்வுநாள் இல்லை. பெருமழை பெய்தால் பள்ளிக்கூடங்கள் மூடப்படும், நீதிமன்றங்கள் ஒத்திவைக்கப்படும், ஆலைகளும் ஒருவேளை நிறுத்தப்படும். ஆஸ்பத்திரியின் கதவை மூடுதல் எஞ்ஞான்றும் இயலாது. ஆதலின், பெரும்புயலும் வெள்ளமும் நேரும் நாட்களில் தாதியர்க்குத் தலைமை வகிப்பவர் பணிக்கு வந்தே தீரவேண்டுமோ என்னும் வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். அவரை முன்னாளில் மேட்ரன் என்றனர். இந்நாளில் செவிலியர் கண்காணிப்பாளர் என்கின்றனர். பெயர் எதுவாயினும் பொறுப்பு ஒன்றே.

புயல் என்பது கடற்கரையார்க்கே உரிய துன்பமென்றும், ஓசூர் கிருஷ்ணகிரி முதலிய மேட்டுநிலத்தார்க்கு அதனால் அச்சமில்லை என்றும் பலர் எண்ணியிருந்தனர். 2024ஆம் ஆண்டு அவ்வெண்ணம் பொய்யாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையேறிய பெஞ்சல் புயல் உள்நாடு நோக்கி மெல்ல நகர்ந்தது. கடலுக்கு 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊத்தங்கரையில், டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டது ஒரே நாளிற் கொட்டிற்று. ஏரிநீர் பெருகிவந்து, பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வாகனங்களை இழுத்துச் சென்றது. வாகனமே நிலைகொள்ளாத வீதியில், பணிக்குச் செல்லும் ஒருவர் எங்ஙனம் நடந்து செல்வார்?

ஓசூருக்கோ மற்றுமோர் இடர்ப்பாடு உண்டு. அஃது இரு மாநிலங்கள் கூடும் எல்லைப்புற நகரம். அத்திப்பள்ளியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒருபுறமாகவும், சூளகிரி, தேன்கனிக்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து மறுபுறமாகவும் அங்கு வேலைக்கு வந்து திரும்புவோர் பலர். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பெங்களூரில் வெள்ளம் சூழ்ந்தபோது, பெரிய கம்பெனிகளின் உத்தியோகஸ்தர்கள் டிராக்டர் வண்டியில் ஏறி அலுவலகம் சென்றதை நாடே கண்டது. கணினியில் வேலை செய்வார் வீட்டிலிருந்தும் செய்யலாம். தாதியர் அங்ஙனம் செய்தல் கூடுமோ? ஆலைகளில் இரவும் பகலும் முறைவைத்து வேலை நடக்கின்றது. இயந்திரத்திற் கைசிக்கியவன் மழை ஓயட்டுமென்று காத்திரான்.

இனி, இவ்வினாவிற்கு இருதிறத்தார் கூறும் விடைகளை நோக்குவோம். ஒரு திறத்தார், “தலைமைத் தாதி நோயாளியின் அருகிலிருந்து மருந்து கொடுப்பவர் அல்லர், மேற்பார்வையாளரே. ஆகவே செல்பேசி வாயிலாகக் கட்டளையிட்டால் போதும்” என்பர். இது பொருந்துவதன்று. இரவுமுறைத் தாதி வீடு திரும்பும் வேளையில் காலைமுறைத் தாதி வந்து சேரவில்லையாயின், களைத்தவரை மேலும் சில மணி நேரம் நிறுத்திவைப்பதா, இரண்டு வார்டுகளை ஒன்றாக்குவதா என்று அப்பொழுதே முடிவுசெய்தல் வேண்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் உண்டா, பிராணவாயு எத்துணை நேரத்திற்குப் போதும், தங்கியவர்க்கு உணவு எங்கே என்பனவற்றைக் கண்ணாற் கண்டே அறிதல் வேண்டும். மேலும், செல்பேசியும் புயலுக்கு அடங்கியதே. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, பல பகுதிகளில் மின்சாரத்தோடு செல்பேசித் தொடர்பும் அற்றுப்போயிற்று.

மற்றொரு திறத்தார், “உயிர் போயினும் தலைவர் வந்தே தீரவேண்டும்” என்பர். கேட்பதற்கு இது வீரமொழியே, ஆயினும் விவேகமன்று. முழங்காலளவு விரைந்தோடும் நீர் வலியவரையும் வீழ்த்தும். இரண்டடி நீர் பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும். தரைப்பாலத்தில் அடித்துச் செல்லப்பட்ட தலைமைத் தாதியால் ஆஸ்பத்திரிக்கு யாது பயன்? அவரைத் தேடுவதற்கும் நான்கு பேர் வேண்டும்.

அங்ஙனமாயின் உண்மை யாது? பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட தாதித்தொழிற் குறிப்புகள் என்னும் நூலில், சிறு நிர்வாகம் பற்றி ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தான் இருக்கும்போது நடைபெறுவது தான் இல்லாதபோதும் நடைபெறுமாறு ஏற்பாடு செய்தலே பொறுப்பேற்றவரின் முதற்கடமை என்பது அதன் கருத்து. இக்கருத்தின்படி நோக்கினால், வருவதா வேண்டாவா என்னும் வினா புயலடிக்கும் காலையில் எழுதலே தவறு என்பது விளங்கும். அதற்கு விடை புயலுக்கு முந்திய நாளிலேயே காணப்படல் வேண்டும். சாலை திறந்திருக்கும்போதே அவர் வந்து தங்குவாராக. சாலை அடைபட்ட பின்னர் உயிரைப் பணயம் வையாதிருப்பாராக.

அமெரிக்காவில் புயல் மிகுந்த கரையோரங்களிலுள்ள ஆஸ்பத்திரிகள் ஊழியரை இரு பிரிவாக வகுக்கின்றன. முதற்பிரிவினர் புயலுக்கு முன்னரே வந்து, அது கடக்கும்வரை உள்ளே தங்குவர்; இரண்டாம் பிரிவினர் சாலை சீரானபின் வந்து அவர்களை விடுவிப்பர். இதன் அருமையை நியூயார்க்கில் நிகழ்ந்ததொன்று காட்டும். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவு, சாண்டி புயலால் அங்குள்ள பேராஸ்பத்திரி ஒன்றில் மின்சாரம் அற்றது. 300க்கு மேற்பட்ட நோயாளிகள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். ஒன்பதாம் மாடியிலிருந்த பச்சிளங்குழந்தைகளுட் சிலர்க்குத் தாதியர் கையாற் பையை அழுத்தி மூச்சளித்துக்கொண்டே, இருண்ட படிகளின் வழியே இறங்கினர். அவ்விரவில் வீதியைக் கடந்து எவரேனும் வரட்டுமென்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆகவே எல்லைப்புற ஆஸ்பத்திரிகள் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனே, தங்குவோர் இன்னார், பின்னர் வருவோர் இன்னார் என்று பெயர்ப்பட்டியல் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, யார் ஆற்றுக்கு அப்பாலும் எல்லைக்கு அப்பாலும் குடியிருக்கின்றனர் என்பதை அறிந்து அப்பட்டியல் வகுக்கப்படல் வேண்டும். மூன்றாவது, தலைவர் வர இயலாவிடின் அவரது அதிகாரம் முழுவதும் யாரைச் சேரும் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். அதிகாரமின்றிப் பொறுப்பை மாத்திரம் சுமத்தல் கொடுமை.

நான்காவது ஒன்றுண்டு, அதுவே தலையாயது. குறைந்த ஊதியத்தில் ஒப்பந்தப் பணி செய்யும் இளந்தாதிக்கும் வீட்டிலே குழந்தை உண்டு. ஒழுகும் கூரையும் உண்டு. வெள்ளத்தால் வர இயலாத அவரது ஊதியத்தைக் குறைத்துவிட்டு, வராத தலைவருக்கு மட்டும் மன்னிப்பளித்தல் நீதியாகாது. தலைவர்க்கும் இளையவர்க்கும் அளவுகோல் ஒன்றாதல் வேண்டும். ஒரே முறையில் முன்வந்து தங்குதலும், ஒரே முறையில் ஈட்டு விடுப்புப் பெறுதலும் நிகழின், “இன்னும் ஒரு முறை நில், அம்மா” என்று கேட்கும் உரிமை தலைவர்க்கு உண்டாகும். உடனிருந்து விழித்தவர் சொல்லுக்குள்ள வலிமை, ஆணை ஓலைக்கு இல்லை.

ஊத்தங்கரையிற் பெய்த மழை இனிப் பெய்யாதென்று எவரும் உறுதி கூறுதல் அரிது. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் உழவர்க்கு மட்டும் உரியதன்று. பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பேற்றார் அனைவர்க்கும் உரியது. வருங்காலத்தில் அத்தகைய பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.