ஆயிரம் பவுண்டு போனஸ்

அன்புள்ள நண்பருக்கு,

கிரிக்கெட் ஆட்டக்காரராக இருந்தவர் வாரியத் தலைவரானால் ஆட்டக்காரர்கள் பக்கம் நிற்பாரா என்று கேட்டிருந்தீர்கள். நின்றவர் ஒருவரைச் சொல்கிறேன். நின்றதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பெயர் ராமன் சுப்பா ராவ்.

பெயரை வைத்து இந்திய வாரியத்தில் தேடாதீர்கள். அப்பா ஆந்திராவின் பாபட்லாவைச் சேர்ந்த வழக்கறிஞர், அம்மா ஆங்கிலேயர். பிறந்தது 1932இல், லண்டனின் ஸ்ட்ரெதம் பகுதியில். இடக்கை ஆட்டக்காரர். இங்கிலாந்துக்காக 13 டெஸ்ட், 984 ரன். 1958இல் ஓவலில், தன் பழைய அணியான சர்ரேக்கு எதிராகவே நார்தாம்ப்டன்ஷயருக்கு 300 அடித்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான 1961 ஆஷஸ் தொடரின் முதல் டெஸ்டில் 112, கடைசி டெஸ்டில் 137. அத்தோடு, 29 வயதில், மக்கள் தொடர்புத் தொழிலுக்குப் போய்விட்டார். அவர் அமெச்சூர், ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. ஆஷஸில் சதம் அடித்தவரும் பிழைப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்த காலம்.

அவருடைய நிர்வாகத்தை இந்த அனுபவத்திலிருந்து பார்த்தால்தான் புரிகிறது என்பது என் எண்ணம். 1974இல் சர்ரே கிளப்பின் தலைவரானார். 1981-82இல் இங்கிலாந்து அணியின் மேலாளராக இந்தியா வந்தார். சேப்பாக்கத்தில் விஸ்வநாத் 222 அடித்தாரே, அந்தத் தொடர்தான். பாய்காட் பாதியில் ஊருக்குக் கிளம்பிப் போன தொடரும் அதுவே. 1985இல் இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர் நாற்காலி வந்தது.

1987 டிசம்பர், ஃபைசலாபாத். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். இரண்டாம் நாள் ஆட்டம் முடியும் நேரம். பந்து போடப்படும் தருணத்தில் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங் ஃபீல்டரை நகர்த்தினார் என்று ஸ்கொயர் லெக்கில் நின்ற நடுவர் ஷகூர் ராணா ஆட்டத்தை நிறுத்தினார். பேட்ஸ்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்த்தினேன் என்றார் கேட்டிங். வாய்ச்சண்டை முற்றி, முகத்துக்கு நேரே விரல் நீண்டது. அந்தப் படம் உலகமெங்கும் போனது. மன்னிப்புக் கேட்காமல் களத்துக்கு வரமாட்டேன் என்று ராணா உட்கார்ந்துகொள்ள, மூன்றாம் நாள் முழுக்க ஒரு பந்துகூட வீசப்படவில்லை. லண்டனிலிருந்து உத்தரவு வர, கேட்டிங் தன் கையால் மன்னிப்பு எழுதிக்கொடுத்தார். அணி கொதித்துப்போனது.

சுப்பா ராவ் பாகிஸ்தானுக்கே பறந்து வந்தார். ஆட்டக்காரர்கள் பட்ட சிரமத்துக்காக ஆளுக்கு ஆயிரம் பவுண்டு போனஸ் அறிவித்தார். நடுவரோடு சண்டை போட்டால் பரிசா என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவருடைய மனம் போன வழியும் எனக்குப் புரிகிறது. காசில்லாமல் ஆட்டத்தை விட்டவர், ஆட்டக்காரர்களின் மனக்காயத்துக்குக் காசைத்தான் மருந்தாக நினைத்தார். அவர்களுக்கோ வேண்டியிருந்தது, மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லாமல் தங்கள் பின்னால் நிற்கும் வாரியம். தலைவர் ஆட்டக்காரர் பக்கம் நின்றார். பிந்தி நின்றார், அவ்வளவுதான்.

அதன்பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். 1989 ஆஷஸுக்கு டெட் டெக்ஸ்டரின் தேர்வுக் குழு கேட்டிங்கையே மீண்டும் கேப்டனாகக் கேட்டது. வாரியத்தில் கிரிக்கெட் குழுவின் தலைவராக இருந்த ஆஸி வீட்லி, ஃபைசலாபாத்தைக் காரணம் காட்டித் தடுத்துவிட்டார். பதவி டேவிட் கோவருக்குப் போனது. போனஸ் கொடுத்த அதே வாரியம், அதே தலைவர்! இந்த விஷயத்தைச் சில மாதம் மூடியும் வைத்திருந்தார்கள். போனஸைக்கூட மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

1990இல் பதவி முடிந்தது. 1992 முதல் 2001 வரை ஐசிசியின் மேட்ச் ரெஃப்ரியாக 41 டெஸ்டுகளுக்குப் போய் உட்கார்ந்தார். நடுவரிடம் விரலை நீட்டுகிறவருக்கு அபராதம் போடும் வேலை. அந்த வேலைக்கு வருமுன் அதற்கே போனஸ் கொடுத்துப் பார்த்த அனுபவம் அவர் ஒருவருக்குத்தான் இருந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்