கரும்பைத் தொடும் காளை

குரங்கணி,
போடிநாயக்கனூர் வட்டம்.

அன்புள்ள மருமகளுக்கு,

எத்தியோப்பியாவில் ஓர் இளைஞன் வரிசையாக நிறுத்திய மாடுகளின் முதுகின்மேல் ஏறி ஓடுகிற காணொளியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு மாமா? இந்தக் காலத்திலும் இப்படியா?" என்று எழுதியிருந்தாய். முதல் கேள்வி மிக நல்ல கேள்வி. இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளி வை. ஒரு சடங்கு நமக்கு விநோதமாகத் தெரிந்தால், அதைச் செய்கிற சனங்களுக்கு அப்படி என்ன சிக்கல் இருந்தது, அதை இந்தச் சடங்கு எப்படித் தீர்த்தது என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலை ஆப்பிரிக்காவில் தொடங்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம்.

இங்கே குரங்கணியில் ஏலம், காப்பி, மா, இலவு என்றுதான் பேச்சு ஓடும். ஆனால் இந்த மலையடிவாரம் முழுக்க மாட்டுக்காரர்களின் நாடும்தான். மழைக்காலத்தில் மலைமாடுகளைச் சரிவுக்கு ஓட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் கீழே இறக்கி, வயல்களில் கிடை போடுவார்கள். போடிக்கு இறங்கி, தேவாரம், கோம்பை வழியாகத் தெற்கே போனால் கம்பம். அங்கே ஊருக்குள்ளேயே இருக்கிறது நந்தகோபாலன் கோயில், தம்பிரான் மாட்டுத்தொழு. வீட்டில் கன்னடம் பேசும் ஒக்கலிகக் காப்பிலியர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் மந்தை அது.

அந்த மந்தையின் முதல் விதி, பசுவிடம் பால் கறக்கக் கூடாது என்பது. மடியில் உள்ளது முழுவதும் கன்றுக்கே. அந்த மாடுகளை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதில்லை. மாட்டுப்பொங்கலன்று சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து சனம் திரண்டு வந்து தொழுவில் நின்று கும்பிட்டுப் போகும். நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் வீட்டில் பிறந்த கன்றைக் கொண்டுவந்து மந்தையில் சேர்ப்பார்கள். அந்தக் கன்று அன்றோடு அவர்களுடையது இல்லை.

இந்த மந்தைக்கு ஒரு பட்டத்துக் காளை உண்டு. அது இறந்துவிட்டால் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுதான் நீ கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இந்தச் சடங்கு பதிவாகியிருக்கிறது. நல்ல நாள் பார்த்துச் சமூகத்தார் கூடுவார்கள். மந்தை முழுவதையும் எதிரே நிறுத்துவார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்துச் சூடம் காட்டுவார்கள். பிறகு ஒரு கட்டுக் கரும்பை மாடுகளின் முன்னால் போட்டுவிட்டு விலகி நிற்பார்கள். எந்தக் காளை தானாக வந்து முதலில் அந்தக் கரும்பைத் தொடுகிறதோ அதுவே பட்டத்துக்கு உரியது. அதற்கு மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டு, ஊர்வலமாகக் கூட்டிப் போவார்கள். அதன்பின் சாகும்வரை அது சாமிதான்.

வெளியாள் பார்த்தால், பசித்த மாடு கரும்பைத் தின்னப் போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பான். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மந்தைக்கு எது தலைமைக் காளை என்பது சின்ன விஷயம் இல்லை. எந்தக் குடும்பம் நேர்ந்து விட்ட கன்று, எந்த ஊர்க்காரர் கொடுத்த கன்று என்று பார்க்கத் தொடங்கினால் அங்கேயே சண்டை வந்துவிடும். பணமுள்ளவன் தன் கன்றை முன்னே தள்ளுவான். கரும்புக் கட்டுக்கு ஆள் பேதம் தெரியாது. எல்லார் கண்முன்னும், எல்லாருக்கும் பொதுவான ஒரு நேரத்தில், யாரும் கை வைக்காமல் முடிவு வந்துவிடுகிறது. "என் காளை" என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கும் இடமில்லை. நம் பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கிற மாதிரிதான். சீட்டின் இடத்தில் உயிருள்ள ஒரு மாட்டின் விருப்பம் இருக்கிறது.

பால் கறக்காததையும் அப்படியே பார். பால் கறக்கலாம் என்று ஒருநாள் அனுமதித்தால், யாருக்கு எத்தனை படி என்ற கணக்கு மறுநாளே வரும். கணக்கு வந்தால் பங்கு வரும். பங்கு வந்தால் மந்தை சிதறும். சாமி மாடு என்று ஒதுக்கி வைத்ததால்தான் அது ஒருவர் சொத்தாகாமல் இன்றும் ஒரே மந்தையாக நிற்கிறது. இன்னொரு பலனும் உண்டு: வயிறு நிறையப் பால் குடித்து வளர்ந்த கன்றுகளும், இந்த வட்டாரத்து மாட்டு வித்தும் அங்கே தங்கிவிடுகின்றன. கலப்பினங்கள் வந்து நாட்டு மாடுகளைத் தொழுவங்களிலிருந்து விரட்டிய இந்த அறுபது எழுபது ஆண்டுகளில், அப்படி ஒரு மந்தை அழியாமல் இருப்பதை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன்.

கம்பம் மட்டும் என்று நினைக்காதே. கரூர், திருச்சிப் பக்கம் கம்பளத்து நாயக்கர்கள் கோயில் மாடுகளை ஓடவிட்டு, எல்லையை முதலில் தாண்டும் மாட்டுக்கு மஞ்சள் தூவி எலுமிச்சம்பழம் கொடுப்பார்கள். பரிசு அவ்வளவுதான். அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்ததும் முதலில் வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

இப்போது நீ பார்த்த ஹாமர் இளைஞனிடம் வருவோம். தெற்கு எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றுப் பக்கம் வாழும் மாட்டுக்காரர்கள் ஹாமர் மக்கள். அங்கே ஒருவன் கல்யாணம் செய்துகொள்ளவும், சொந்தமாக மந்தை வைத்துக்கொள்ளவும் தகுதி பெற வேண்டுமானால், வரிசையாகப் பிடித்து நிறுத்திய மாடுகளின் முதுகின்மேல் விழாமல் பலமுறை முன்னும் பின்னும் ஓட வேண்டும். உறவும் ஊரும் சூழ்ந்து நின்று பார்க்கும். இவன் இனி பிள்ளை இல்லை, ஆள் என்று ஊரறிய அறிவிக்கும் இடம் அது. அந்தச் சடங்கில் இளைஞனின் உறவுப் பெண்கள் தாங்களே முன்வந்து பிரம்படி வாங்குவதும் உண்டு. அந்தத் தழும்பு, பின்னாளில் அவனிடம் ஆதரவு கேட்கும் உரிமைக்கு அடையாளமாகிறதாம். காரணம் புரிந்துவிட்டதால் அதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. பெண்ணின் முதுகில் விழுகிற அடி, எந்தச் சடங்கில் விழுந்தாலும் அடிதான். புரிந்துகொள்வது வேறு, சரியென்பது வேறு. இரண்டையும் நீ தனித்தனியாகச் செய்யப் பழக வேண்டும்.

மாலி நாட்டு ஃபுலானி மாட்டுக்காரர்களின் சடங்கு எனக்கு இன்னும் பிடித்தது. மழைக்காலத்தில் மந்தைகள் வறண்ட வடக்கே தூரமாய்ப் போய்விடும். நைஜர் ஆற்றின் வெள்ளம் வடியும்போது திரும்பி வந்து, தியாஃபராபே என்ற ஊரில் ஆற்றை நீந்திக் கடக்கும். ஊர் முழுக்கத் திருவிழா. நன்றாகக் கொழுத்த மந்தைக்கு மரியாதை. மேய்ப்பர்கள் தங்கள் மாடுகளைப் புகழ்ந்து பாடுவார்கள். ஆனால் எந்த நாளில் கடப்பது, எந்த மந்தை முதலில் போவது என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். அக்கரையில் நெல் அறுக்காமல் நின்றால் மாடு இறங்கிப் பாழாக்கிவிடும். எல்லா மந்தையும் ஒன்றாகப் பாய்ந்தால் புல் ஒரே நாளில் தீர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாசினா அரசை நிறுவிய சேக்கு அமாது காலத்திலேயே இந்த மேய்ச்சல் முறைகள் ஒழுங்காகிவிட்டன. 2005-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

நம் பக்கம் அப்படி ஓர் ஏற்பாடு இன்று இல்லை என்பதுதான் என் வருத்தம். மேகமலைக் காட்டில் மாடு மேய்ப்பது தொடர்பாக வந்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று தடையைச் சுருக்கியது. புலிக்கும் காடு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மலை ஏறியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, எந்தப் பருவத்தில், எந்தச் சரிவில், எத்தனை மாடு என்று பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். மலை மூடினால் மலைமாடு இருக்காது. மலைமாடு இல்லாமல் போனால் கரும்பைத் தொட வரும் காளையும் இருக்காது.

வருகிற மாட்டுப்பொங்கலுக்கு நீ கம்பம் போய்வா. தொழுவில் கூட்டம் அதிகமாக இருக்கும், காலையிலேயே போய்விடு. படம் எடுப்பதற்கு முன்னால் அங்கே மாட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் அனுமதி கேள். அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, இப்போதைய பட்டத்துக் காளை எப்போது, எப்படித் தேர்வானது, மழைக்காலத்தில் மந்தை எங்கே மேய்கிறது என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா